கங்காணி: ஒரு சொல்லின் வரலாறு



கதைப் புத்தகம் படித்துக் கொண்டிருக்கும் மகள், "அம்மா, கங்காணி என்றால் யார்?" என்று கேட்கிறாள். "வேலையாட்களை மேற்பார்ப்பவர்" என்று தாய் சொல்லிவிடலாம். அகராதிக்கு அது போதும். கதைக்குப் போதுமா? இன்று அதைத்தான் சிந்திக்கப் போகிறோம்.

கண்காணிப்பவர் கண்காணி. இது பழைய தமிழ்ச் சொல். சோழர் காலக் கோயில் கல்வெட்டுகளிலேயே மேற்பார்ப்பவரைக் குறிக்க இச்சொல் வருகிறது. பேச்சு வழக்கில் அதுவே கங்காணி ஆயிற்று.

கடல் கடந்தபோது அச்சொல்லின் சுமை கூடியது. 1877-இல் ரப்பர் கன்றுகள் இங்கு வந்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோட்டங்கள் பெருகின, ஆட்கள் தேவைப்பட்டனர். 1910-இல் ஒப்பந்தக் கூலி முறை நின்றதும், முன்பே இருந்து வந்த கங்காணி முறை ஓங்கியது. தோட்டத்தில் வேலை செய்த ஒருவரையே, உரிமச் சீட்டுக் கொடுத்து, அவருடைய சொந்த ஊருக்குத் துரை அனுப்புவார். அவர் உற்றாரையும் ஊராரையும் அழைத்து வருவார். தலைக்கு இவ்வளவு என்று அவருக்குக் காசு கிடைக்கும். 1938-இல் இந்திய அரசாங்கம் தடை விதித்ததும் இந்த ஆள் சேர்ப்பு நின்றது. வேலையை மேற்பார்ப்பவருக்குப் பெயர் மட்டும் நிலைத்தது.

இப்போது கதைக்கு வருவோம். "கங்காணி வந்துவிட்டார்" என்று ஒரு வரி. மழை பொய்த்த ஊரின் திண்ணையில் அதைச் சொன்னால், அதில் நம்பிக்கை இருக்கிறது. விடியுமுன் பெரட்டுக் களத்தில் சொன்னால், அச்சம் இருக்கிறது. கங்காணியின் வீட்டில் அவர் மனைவி சொன்னால், உலையில் அரிசி போடும் அவசரம் இருக்கிறது. சொற்கள் மாறவில்லை, சொல்பவரும் இடமும் மாறின, பொருளும் மாறிற்று.

பொருள் வெளிப்படையாகவும் தோன்றும், குறிப்பாகவும் தோன்றும் என்று தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில் இலக்கணம் வகுத்தார். நல்ல எழுத்தாளர் குறிப்பை நம்பி எழுதுகிறார். அதை உணர நமக்கு வரலாறு தெரிந்திருக்க வேண்டும். "கங்காணி" இருந்த இடத்தில் "மேற்பார்வையாளர்" என்று எழுதிப் பாருங்கள். வேலை புரியும், கப்பலும் கடனும் பிரிந்த ஊரும் மறைந்து போகும்.

பெரட்டு, லயம், மங்கு, ஒட்டுப்பால் என்று இன்னும் எத்தனையோ சொற்கள் நம்மிடம் உண்டு. பல இடங்களில் ரப்பர் மரங்கள் போய்ச் செம்பனை வந்துவிட்டது, லயங்களும் காலியாகிவிட்டன. அச்சொற்களை வாழ்ந்து அறிந்த முதியவர்கள் குறைந்து வருகிறார்கள். அவர்கள் போனபின் அகராதி அவற்றின் பொருளைச் சொல்லலாம். குறிப்பை யார் சொல்வார்?

இன்றிரவு சாப்பாட்டுக்குப் பின் உங்கள் பாட்டியிடம் ஒரு சொல்லைக் கேளுங்கள். அதை யார், எங்கே, எப்போது சொன்னார்கள் என்றும் கேட்டு, பிள்ளைகளை எழுதி வைக்கச் சொல்லுங்கள். நாளை அவர்கள் கதை எழுத உட்காரும்போது அந்த ஏடு கை கொடுக்கும்.