டியூப்லைட் வெளிச்சத்தில் வாலிபால்

1895-இல் அமெரிக்காவின் ஹோலியோக் ஒய்எம்சிஏவில் மார்கன் உருவாக்கியபோதே வாலிபால் கூரைக்குக் கீழே ஆடும் ஆட்டம்தான். நம் ஊரில் அது மண் தரையில், வெயிலில் வளர்ந்தது. அதனால் 1980களில் மும்பை மாட்டுங்காவின் பள்ளி ஹால் ஒன்றுக்குள் கேமராவோடு நுழைந்த எனக்கு இருட்டு புதிது.

மேலே டியூப்லைட் மட்டும். ஆடுபவர் கண் கூசுமே என்று ஃபிளாஷைத் தொடமாட்டேன். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அந்த விளக்கு நொடிக்கு 100 முறை துடிக்கும். ஷட்டரை 1/500-இல் வைத்தால் ஒரு படம் வெளுக்கும், அடுத்தது கறுக்கும். 1/125 போதும். ஸ்மாஷுக்கு எம்பியவர் உச்சியில் ஒரு கணம் அந்தரத்தில் நிற்பார் பாருங்கள், அங்கே அழுத்தணும். முகம் துல்லியமாக விழும், கை மட்டும் கலங்கும்.

400 ஏஎஸ்ஏ டிரை-எக்ஸ் ஃபிலிமை 1600 என்று வைத்து எடுத்து, ராத்திரி குளியலறையில் டெவலப்பரில் கூடுதல் நேரம் போடுவேன். ரவை தூவினாற்போல் கிரெயின் தெரியும். அந்த நெகட்டிவ்களை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.