'இங்கே' என்னும் சுட்டும் இணைப்புரையின் வரலாறும்

1. முன்னுரை

இணையப் பக்கம் ஒன்றில் நிறம் மாறியோ அடிக்கோடு பெற்றோ நிற்கும் சொற்றொடர், தன் பொருளை உணர்த்துவதோடு வேறொரு பனுவலுக்கு வழியாகவும் அமைகிறது. இச்சொற்றொடரை இக்கட்டுரை 'இணைப்புரை' எனக் குறிக்கிறது. இதனைக் கணிப்பொறியாளர்க்கு உரிய செய்தி என மொழியியலாரும், ஓரிரு சொற்களில் முடிந்துவிடும் சிறு பணி என மொழிபெயர்ப்பாளரும் கருதிக் கடந்து செல்வதுண்டு. ஆயினும், ஒருவர் எழுதிய பனுவலுக்கு மற்றொருவர் இடும் பெயராகவே இணைப்புரை பெரும்பாலும் அமைகிறது. பெயரிடுதல் மொழியாராய்ச்சியின் அடிப்படைச் சிக்கல்களுள் ஒன்றாதலின், இதன் வரலாறும் ஆய்வுக்கு உரியதாகிறது.

தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் கிளவியாக்கம், இயற்பெயரும் சுட்டுப்பெயரும் ஒருங்கே வினைகொள்ளுமிடத்துச் சுட்டுப்பெயர் முற்பட வாராது, இயற்பெயரின் பின்னரே வரும் என விதிக்கிறது. முன்னர் நிற்கும் பெயரே சுட்டுக்குப் பொருள் தருகிறது என்பது இவ்விதியின் உட்கிடை. விதி சுட்டுப்பெயருக்கு உரியதாயினும், அக்கருத்து இடச்சுட்டுக்கும் பொருந்தும். 'இங்கே சொடுக்கவும்' எனத் தமிழ்ப் பக்கங்களில் பெருவழக்காய் உள்ள இணைப்புரையில் பெயர் இல்லை. சுட்டு மட்டுமே உள்ளது. இவ்வழக்கு தோன்றிய சூழல் யாது, அதனை விலக்குமாறு கூறிய காரணங்கள் எவை, தமிழாக்கத்தில் அதன் நிலை யாது என்பவற்றை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. தடத்தின் பெயர்

பனுவல்களை ஒன்றோடொன்று பிணைக்கும் பொறி பற்றிய முன்னோடிக் கருத்துகளுள் ஒன்று, 1945 ஜூலையில் 'அட்லாண்டிக் மன்த்லி' இதழில் வானேவர் புஷ் எழுதிய கட்டுரையில் காணப்படுகிறது. 'மெமெக்ஸ்' என அவர் பெயரிட்ட கற்பனைப் பொறியில், ஆய்வாளர் தாம் படித்த ஆவணங்களை ஒரு தடமாகக் கோத்து, அத்தடத்திற்கு ஒரு பெயரிட்டுக் குறியேட்டில் பதிந்துகொள்வார். இங்குப் பெயர் பெறுவது தடம் முழுவதுமே. ஓர் ஆவணத்தின் உள்ளே நிற்கும் தனிச்சொல் எதுவும் வாயிலாக அமையவில்லை. பெயரிடுபவரும் பயன்படுத்துபவரும் பெரும்பாலும் ஒருவரேயாதலின், பெயர் பிறருக்கு விளங்குமா என்னும் வினாவுக்கும் அங்கு இடம் குறைவு.

1965-இல் டெட் நெல்சன் 'ஹைப்பர்டெக்ஸ்ட்' என்னும் சொல்லை ஆக்கினார். தமிழில் இது 'மீயுரை' என வழங்குகிறது. 1968 டிசம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் டக்ளஸ் எங்கல்பார்ட் நிகழ்த்திய செயல்விளக்கத்தில், சுட்டியைக் கொண்டு திரையில் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குத் தாவும் முறை அவையோர்க்குக் காட்டப்பட்டது.

3. சொல்லே வாயிலாதல்

ஓடும் உரைநடையின் சொல்லையே வாயிலாக்கும் முறைக்குத் தெளிவான வடிவம் தந்தவற்றுள், மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தில் பென் ஷ்னைடர்மன் குழுவினர் 1980-களில் உருவாக்கிய 'ஹைப்பர்டைஸ்' குறிப்பிடத்தக்கது. அதற்கு முன்னர்ப் பயனர்க்குரிய தெரிவுகளைத் தனிப் பட்டியலாகத் தருதலே பெருவழக்கு. இக்குழுவினர், தொடரில் இயல்பாக வரும் சொல்லையே ஒளிரச் செய்து தெரிவாக்கினர். தெரிவுக்குரிய பொருளை அதனைச் சூழ்ந்த தொடரே விளக்கிவிடும் என்பது அவர்கள் கண்ட நன்மை.

1989-இல் செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ முன்வைத்த திட்டம் உலகளாவிய வலையாக வளர்ந்தது. அதன் தொடக்கக்கால உலாவிகளுள் ஒன்று, எழுத்துகளை மட்டும் வரிவரியாகக் காட்டுவது. அதில் இணைப்புரையை அடுத்து அடைப்புக்குறிக்குள் ஓர் எண் தோன்றும். படிப்பவர் அவ்வெண்ணைத் தட்டச்சிட்டு அடுத்த பக்கத்தை அடைவார். அவ்வுலாவியில் சொடுக்குதற்கு எதுவும் இல்லை. இணையத்திற்கு எழுதுவோர்க்காகப் பெர்னர்ஸ்-லீ ஆக்கிய நடைக்கையேடு, 'இங்கே சொடுக்குக' என்னும் பொருளுடைய ஆங்கிலத் தொடரைத் தவிர்க்குமாறு அறிவுறுத்தியது. கருவியின் இயக்கத்தைப் பேசாமல், தாளில் அச்சிட்டாலும் பொருள் குன்றாதவாறு எழுதவேண்டும் என்பது அதன் நோக்கு.

எனினும், 1993-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்திலிருந்து வெளிவந்த மொசைக் உலாவி, நீல நிறமும் அடிக்கோடும் உடைய இணைப்புகளைப் பெருவாரியான மக்களிடம் கொண்டுசேர்த்தது. நிறம் மாறிய சொல்லை அழுத்தலாம் என்பதையே அறியாத புதிய பயனர்க்கு அதனைச் சொல்லித்தர வேண்டியிருந்தது. அந்நிலையில் இத்தொடர் பரவியது எனக் கொள்ளலாம். அறிவிப்புப் பலகை போன்று தற்காலிகமாக வேண்டப்பட்ட ஒரு தொடர், தேவை நீங்கிய பின்னரும் நிலைத்துவிட்டது.

4. பொறியின் வாசிப்பு

இணைப்புரையைப் படிப்பது மனிதர் மட்டுமன்று. ஆலிவர் மெக்பிரையன் உருவாக்கிய 'வேர்ல்டு வைடு வெப் வோர்ம்' என்னும் தேடுபொறி, பக்கங்களைச் சுட்டும் இணைப்புரைகளையும் தேடலுக்குப் பயன்படுத்தியது. 1998-இல் செர்கே பிரின், லாரி பேஜ் ஆகிய இருவரும் கூகுள் பொறியின் அமைப்பை விளக்கி வெளியிட்ட கட்டுரை இதனை மேலும் விரிவுபடுத்தியது. இணைப்புரையை அது நிற்கும் பக்கத்தோடு மட்டுமன்றி, அது சுட்டும் பக்கத்தோடும் சேர்த்து அவர்கள் பதிந்தனர். 2 கோடியே 40 லட்சம் பக்கங்களிலிருந்து 25 கோடியே 90 லட்சத்திற்கும் மேற்பட்ட இணைப்புரைகள் அவ்வாறு பதியப்பட்டன.

இதற்கு அவர்கள் கூறிய காரணங்கள் மொழியியலார் கருதத்தக்கவை. ஒரு பக்கம் தன்னைப் பற்றிக் கூறுவதினும், பிறர் அதற்கு இடும் பெயர் பல வேளைகளில் துல்லியமானது என்பது ஒன்று. படங்கள், தரவுத்தளங்கள் போன்று உரைவழியே பதிய இயலாதவற்றையும் இப்பெயர்கொண்டு தேட இயலும் என்பது மற்றொன்று. ஆகவே ஒரு பக்கத்தின் பொருளை உறுதி செய்வதில் அதன் ஆசிரியரோடு, அதனைச் சுட்டுவோரும் பங்கு பெறலாயினர். 'இங்கே' என்று மட்டும் எழுதுபவர் இப்பங்கினைக் கைவிடுகிறார். அவர் தரும் இணைப்பு எண்ணிக்கையில் சேரலாம், பெயராகப் பயன்படாது.

பெயரிடும் உரிமை தவறான வழியிலும் சென்றது. 2003 முதல் பலர், 'இரங்கத்தக்க தோல்வி' என்னும் பொருளுடைய ஆங்கிலத் தொடரை இணைப்புரையாக்கி, அமெரிக்கக் குடியரசுத்தலைவர் ஜார்ஜ் புஷ் பற்றிய அரசுப் பக்கத்தைச் சுட்டினர். அப்பக்கத்தில் அச்சொற்கள் இல்லாதபோதும், அவற்றைத் தேடியோர்க்கு அதுவே முதலில் தோன்றியது. இத்தகைய கூட்டுச் செயல்களின் விளைவைக் குறைக்கும் மாற்றத்தை 2007 ஜனவரியில் கூகுள் அறிவித்தது. இதற்கு முன்பே, 2005 ஜனவரியில், ஓர் இணைப்பைத் தரவரிசைக்குக் கணக்கில் கொள்ள வேண்டா எனப் பொறிக்கு உணர்த்தும் குறி ஒன்றினைத் தேடுபொறி நிறுவனங்கள் ஏற்றிருந்தன. வணிகத் தளங்கள் விற்பனைச் சொற்களை மாற்றமின்றி எண்ணற்ற இணைப்புகளில் திணித்த நிலையில், 2012 ஏப்ரலில் 'பெங்குவின்' எனப்பட்ட மாற்றம் செயற்கை இணைப்புகள்வழித் தரவரிசை தேடிய தளங்களைக் கீழிறக்கியது. பொருளற்ற சுட்டு ஒரு குறையாயின், பொருளை மீறிய பெயர் மற்றொரு குறை. பொறியை மட்டும் கருதி இடப்படும் பெயர் பொறியிடத்தும் நிலைபெறவில்லை என்பதை இவ்வரலாறு உணர்த்துகிறது.

5. கண்ணின் வாசிப்பும் செவியின் வாசிப்பும்

1997-இல் ஜேக்கப் நீல்சனும் ஜான் மோர்க்ஸும் தம் ஆய்வின் முடிவுகளை வெளியிட்டனர். அவ்வாய்வில் கலந்துகொண்டோருள் 79 விழுக்காட்டினர் புதிய பக்கத்தை மேலோட்டமாகவே நோக்கினர்; சொல்தோறும் படித்தவர் 16 விழுக்காட்டினரே. இக்காலத்தே பீட்டர் பிரொல்லி, ஸ்டூவர்ட் கார்டு ஆகியோர், இரைதேடும் விலங்கு மணத்தைப் பின்பற்றுவது போன்று தகவல் தேடுவோர் சொற்குறிப்புகளைப் பின்பற்றுவதாக விளக்கி, அதனைத் 'தகவல் மணம்' என்றனர். நிறம் மாறிய சொற்களை மட்டும் நோக்கிச் செல்லும் கண்ணுக்கு, 'மேலும் படிக்க' என்னும் தொடர் மணம் தருவதில்லை.

கண் மேலோட்டமாக நோக்குவது போன்றே செவியும் தெரிந்தெடுத்துக் கேட்கிறது. பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பு மென்பொருள்கள், பக்கத்திலுள்ள இணைப்புகளை மட்டும் தனிப் பட்டியலாகத் தரும் வசதி உடையவை. பன்னிரண்டு அறிக்கைகளைத் தரும் பக்கத்தில் பன்னிரண்டு முறையும் 'இங்கே' என்று எழுதப்பட்டிருப்பின், செவிவழிப் படிப்பவர் கேட்பது 'இங்கே, இங்கே, இங்கே' என்னும் ஒலியே. திரையில் இடத்தைக் காண்பவர்க்கு ஓரளவு பொருள்படும் சுட்டு, இடத்தைக் காணாதவர்க்கு வெற்றொலியாகிறது. தேர்வு அறிவிப்பும் உதவித்தொகை விண்ணப்பமும் இவ்வாறு தரப்படும்போது, மொழிக்குறை உரிமைக்குறையாக மாறுகிறது.

உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 1999 மே 5 அன்று வெளியிட்ட அணுகல் வழிகாட்டுநெறிகள், இணைப்பு சுட்டும் பொருளைத் தெளிவாக்க வேண்டும் என வகுத்தன. 2008 டிசம்பர் 11 அன்று வெளிவந்த இரண்டாம் பதிப்பு, இதனை இரு நிலைகளாகப் பகுத்தது. இணைப்புரையாலோ அதனோடு இயைந்த சூழலாலோ நோக்கம் விளங்குதல் அடிப்படை நிலை. இணைப்புரை ஒன்றினாலேயே விளங்குதல் உயர்நிலை. இந்திய அரசு இணையதளங்களுக்கான வழிகாட்டுநெறிகள் 2009-இல் வெளிவந்தன. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் இயற்றப்பட்ட பின், தகவலை அணுகுதல் சட்டம் காக்கும் உரிமையாகவும் அமைந்துள்ளது.

6. தமிழாக்கச் சிக்கல்கள்

ஆங்கிலத் தொடரில் ஏவல்வினையும் சுட்டும் முன்னின்று, நோக்கம் பின்வரும். தமிழில் 'அகராதியைப் பதிவிறக்க இங்கே சொடுக்கவும்' என நோக்கம் முன்னரும் வினைமுற்று இறுதியிலும் அமைகின்றன. பெயர் முன்னும் சுட்டு பின்னுமாகத் தொடரமைப்பு செம்மையாகவே உள்ளது. ஆயினும் மூலத்தின் குறியீட்டை அப்படியே பின்பற்றுவதால், 'இங்கே' என்பது மட்டும் இணைப்பாக்கப்படுகிறது. தொடரின் பொருள்நிறைந்த பகுதி விடுபட்டு, வெறுமையான பகுதி வாயிலாகிறது. 'அகராதியைப் பதிவிறக்க' என்பதை இணைப்பாக்குவதே இங்குத் தக்கது. மேலும், விரலால் திரையைத் தொடும் கருவிகளில் 'சொடுக்கவும்' என்னும் வினையும் பொருந்துவதில்லை.

இரண்டாவது சிக்கல், இணைப்பின் எல்லை பற்றியது. ஆங்கிலத்தில் பெயரை மட்டும் இணைப்பாக்கிப் பன்மை விகுதியை வெளியே விடுதல் எளிது. தமிழில் 'நூல்' என்பது 'ஐ' உருபு ஏற்று 'நூலை' என்றாகும்போது, பெயருக்கும் உருபுக்கும் இடைப்பட்ட எல்லை 'லை' என்னும் ஓரெழுத்தின் உள்ளே கிடக்கிறது. அடிக்கோட்டை அங்கு முறிக்க இயலாது. 'மரம்' என்பது 'மரத்தை' எனத் திரியுமிடத்துப் பெயர்வடிவமே மாறிவிடுகிறது. ஆதலின் உருபேற்ற முழுச்சொல்லையும் இணைப்பினுள் அடக்குதலே முறை. தமிழ் விக்கிப்பீடியாவில், 'சென்னை' என்னும் கட்டுரைத் தலைப்பினை உள்ளே வைத்து, 'சென்னையில்' என்னும் வடிவைப் படிப்பவர்க்குக் காட்டும் வழக்கம் இச்சிக்கலுக்கு ஒரு தீர்வாகும்.

மூன்றாவது சிக்கல், மென்பொருள்களில் பெயர் வரவேண்டிய இடத்தை வெற்றிடமாக விட்டுத் தொடரைத் துண்டுகளாகத் தருவதால் எழுகிறது. வெற்றிடத்தை அடுத்து உருபினைத் தனியே எழுதினால், 'அகராதி ஐப் பார்க்க' என்பது போன்ற வழு தோன்றும். அகராதிகளும் கலைக்களஞ்சியங்களும் 'காண்க' என்னும் சொல்லை அடுத்துத் தலைச்சொல்லைத் திரிபின்றி நிறுத்தும் மரபினை இங்குப் பின்பற்றலாம். 'காண்க: அகராதி' என்னுமிடத்துப் பெயர் எழுவாய் வடிவிலேயே நிற்கிறது, தேடுவோர் தட்டச்சிடும் வடிவோடு அது பொருந்தும் வாய்ப்பும் மிகுதி.

7. முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படுவன வருமாறு: இணைப்புரையைச் சூழலிலிருந்து பிரித்து நோக்கினும் பொருள்பட வேண்டும். சுட்டப்படும் பக்கத்தின் பொருளை மிகாமலும் குன்றாமலும் அது உரைக்க வேண்டும். ஒரே பக்கத்தில் வெவ்வேறு இலக்குகளுக்கு ஒரே இணைப்புரையை இடுதல் கூடாது. மொழிபெயர்ப்பாளர் சொற்களைப் பெயர்ப்பதோடு, இணைப்பு எச்சொல்லின்மேல் நிற்க வேண்டும் என்பதையும் தம் மொழியின் தொடரமைப்புக்கு ஏற்ப முடிவு செய்தல் வேண்டும். அவ்வுரிமையை மென்பொருள் ஆக்குவோரிடம் கேட்டுப் பெறுதலும் அவர்தம் கடமையாகும்.

மேலோட்டமாக நோக்கும் கண், பட்டியலாகக் கேட்கும் செவி, சொற்களைப் பதியும் பொறி ஆகிய மூன்றும் வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு காரணங்களுக்காக ஒன்றையே வேண்டின. பெயரின்றிச் சுட்டு நிற்றலாகாது என்பதே அது. தமிழ் இலக்கணம் கற்றோர்க்கு இது புதிய செய்தியன்று.