பதினான்கு வயதில் ஒரு உறுதிமொழி

கிழக்கு ஜெர்மனி என்றதும் பெர்லின் சுவர்தான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். ஆனால் 1961-ல் அந்தச் சுவர் எழுவதற்கு முன்பே அங்கே இன்னொரு சண்டை நடந்து முடிந்திருந்தது. ஒரு பக்கம் அரசு, மறுபக்கம் சபை, நடுவில் பதினான்கு வயதுப் பிள்ளைகள்!

1949-ல் அந்த நாடு உருவானபோது மக்களில் பத்துக்கு எட்டுப் பேர் புராட்டஸ்டண்டு கிறிஸ்தவர்கள். மார்ட்டின் லுத்தர் பிறந்த ஐஸ்லேபன், அவர் வாழ்ந்த விட்டன்பர்க் இரண்டும் அங்கேதான் இருந்தன. பிள்ளைகளை விசுவாசத்தில் வளர்க்க சபை ஒரு பழைய வழியை வைத்திருந்தது. போதகரிடம் சுமார் இரண்டு வருடம் வகுப்பு. லுத்தர் 1529-ல் எழுதிய சிறிய ஞானோபதேசத்தை மனப்பாடம் செய்ய வேண்டும். பதினான்கு வயதில் திடப்படுத்தல் ஆராதனை, அதன் பிறகு புது உடை, விருந்து, பரிசுகள். ஊரே செய்வதால் எல்லோரும் செய்தார்கள்.

இது தவிர 'யுங்கே கெமைண்டே' என்ற இளைஞர் கூட்டங்கள் இருந்தன. வாரம் ஒருமுறை கூடி வேதம் வாசிப்பார்கள், பாடுவார்கள், கேள்வி கேட்பார்கள். அரசுக்கு இது பிடிக்கவில்லை. 1953-ல் இவர்களை மேற்கு நாடுகளின் உளவாளிகள் என்று பத்திரிகையில் எழுதினார்கள். பள்ளிகளில் கூட்டம் போட்டு, எல்லோர் முன்னிலையிலும் விலகச் சொன்னார்கள். மறுத்த சுமார் 3000 மாணவர்கள் மேல்நிலைப் பள்ளிகளிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். அந்த வருடம் ஜூன் 10 அன்று அரசு இறங்கி வந்து, அவர்களைத் திரும்பச் சேர்த்துக்கொள்ள ஒப்புக்கொண்டது.

மிரட்டலில் தோற்ற அரசு அடுத்து ஒரு புத்திசாலித்தனமான வேலை செய்தது. 1954-ல் 'யூகெண்ட்வைஹே' என்ற சடங்கை அறிவித்தது. அதே பதினான்கு வயது, அதே புது உடை, விருந்து, பரிசு. ஆனால் கடவுள் இல்லை. 1958 முதல் உறுதிமொழி சோசலிசத்தின் பேரில். கலந்துகொள்ளாத பிள்ளைக்கு மேல்படிப்பு கிடைப்பது கஷ்டம்.

இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று சபை கண்டிப்பாகச் சொன்னது. பலன்? 1955-ல் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவான பிள்ளைகளே அரசு சடங்குக்குப் போனார்கள். 1959-ல் ஐந்தில் நான்கு பங்கு பேர் போனார்கள்! நீண்ட காலப் பழக்கம் ஐந்தே வருடத்தில் சாய்ந்தது.

காரணம் யோசித்தால் புரியும். வகுப்பு பதில்களைக் கற்றுக்கொடுத்தது. அந்தப் பதிலுக்கு விலை கொடுக்க வேண்டி வந்தால் என்ன செய்வது என்று பிள்ளைகளோ பெற்றோரோ தயாராகவில்லை. மகனுடைய கல்லூரி இடம் போய்விடும் என்றால் எந்த அப்பாதான் பயப்படமாட்டார்?

அப்படியும் சிலர் நின்றார்கள். டெம்ப்ளின் ஊர்ப் போதகரின் மகள் ஒருத்தி அரசு சடங்குக்குப் போகாமல் 1970-ல் திடப்படுத்தல் பெற்றாள். அவர்தான் பின்னாளில் ஜெர்மனியின் பிரதமரான ஏஞ்சலா மெர்க்கல்.

சபையும் மெல்லப் பாடம் கற்றது. மனப்பாடத்தை விட, மனம்விட்டுப் பேசும் சிறு கூட்டங்களுக்கு முக்கியத்துவம் வந்தது. 1978-ல் பள்ளிகளில் ராணுவப் பாடம் கட்டாயமானபோது, இளைஞர்களின் கேள்விகளுக்கு அங்கேதான் இடம் கிடைத்தது. 1980-ல் சபை இளைஞர்கள் 'பட்டயங்களை மண்வெட்டிகளாக' என்ற வேத வாக்கியத்தைத் துணியில் அச்சடித்தார்கள். காகிதம் என்றால் அரசு அனுமதி வேண்டும், துணிக்குத் தேவையில்லை! அதில் இருந்த படம், சோவியத் யூனியனே ஐ.நா. சபைக்குப் பரிசளித்த சிலையின் படம். அதைச் சட்டையில் தைத்துக்கொண்டு பள்ளிக்குப் போனவர்கள் தண்டிக்கப்பட்டார்கள்.

லைப்சிக் நகரின் நிக்கோலாய் ஆலயத்தில் 1982 முதல் திங்கட்கிழமை தோறும் சமாதான ஜெபம் நடந்தது. ஆரம்பத்தில் வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். 1989 அக்டோபர் 9 அன்று ஜெபம் முடிந்து வெளியே வந்தவர்களோடு சேர்ந்து சுமார் 70,000 பேர் நகரில் ஊர்வலம் போனார்கள். ஒரு மாதத்தில் சுவர் திறந்தது.

இதை சபையின் முழு வெற்றி என்று சொல்லிவிட முடியாது. நாடு முடிவுக்கு வந்தபோது சபையில் இருந்தவர்கள் சுமார் நான்கில் ஒருவர்தான். போனவர்களில் பெரும்பாலோர் சுவர் போன பிறகும் திரும்பி வரவில்லை. யூகெண்ட்வைஹே இன்றும் அங்கே குடும்ப விழாவாக நடக்கிறது.

வழக்கத்துக்காக வந்தவர்களை இன்னொரு வழக்கம் கொண்டுபோய்விட்டது. கேள்வி கேட்டுப் பழகியவர்கள்தான் நிலைத்தார்கள்.