கத்திக்கு முந்தும் ஊசி

சிசேரியனுக்குப் போகிற பெண்ணின் முன்கையில் சில சமயம் பேனாவால் ஒரு வட்டம் தெரியும். மருந்து ஒவ்வுமா என்று பார்க்கத் துளி ஏற்றிய இடம். பிறகுதான் நரம்பில், தொற்றைத் தடுக்கும் ஊசி. தென்காசியானாலும் சென்னையானாலும் இதைப் பார்க்கலாம். அந்த ஊசி சாக்கடையில் பிறந்தது.

குற்றாலத் தண்ணீரில் மூலிகை இருக்கிறது, நோய் அண்டாது என்பது நம் ஊர்ப் பேச்சு. சார்டினியாத் தீவின் காக்லியாரி நகரில், சாக்கடை கடலில் கலக்கும் இடத்துத் தண்ணீரைப் பற்றி அப்படி யோசித்தவர் ஜூசெப்பே ப்ரோட்சு. 1945இல் அங்கே ஒரு பூஞ்சையைப் பிடித்தார். அதன் சாறு டைபாய்டு கிருமியை வளரவிடவில்லை. பூஞ்சை ஆக்ஸ்போர்டுக்குப் போனது. எட்வர்ட் ஆபிரகாமும் கை நியூட்டனும் அதிலிருந்து செபலோஸ்போரின் சி-யைப் பிரித்தெடுத்தார்கள். அதன் வழிவந்த செபசோலின் என்ற இந்த ஊசி மருந்து 1970களின் தொடக்கத்தில் புழக்கத்துக்கு வந்தது.

மருந்து வந்தது, நேரம்? அதற்கு விடை 1961இலேயே இருந்தது. ஜான் பர்க் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் கினிப்பன்றிகளின் தோலில் கிருமியைச் செலுத்தி, பெனிசிலினை வெவ்வேறு நேரங்களில் கொடுத்துப் பார்த்தார். கிருமி நுழையும்போதே மருந்து உடம்பில் இருந்தால் புண் அடங்கியது. மூன்று மணி நேரம் தாண்டிக் கொடுத்தது, கொடுக்காததற்குச் சமம். குற்றாலம் மெயின் அருவியில் தண்ணீர் பாதுகாப்பு ஆர்ச்சைத் தொடுமுன், குளிப்பவர்களை வெளியேற்றப் போலீஸ்காரர் விசில் ஊத வேண்டும். வெள்ளம் இறங்கிய பிறகு ஊதி என்ன பயன்?

சிசேரியனில் மட்டும் தயக்கம் நீடித்தது. பிள்ளைக்கு மருந்து போய்விடுமே என்று, தொப்புள்கொடியை வெட்டியபின் ஊசி போட்டார்கள். முன்னதாகப் போட்டால் தாய்க்குக் கருப்பைத் தொற்றும் தையல் சீழும் குறைகின்றன என்று ஆய்வுகள் காட்டின. 2015இல் உலகச் சுகாதார நிறுவனமும் கத்தி படுமுன் போடச் சொன்னது.

பிள்ளை பெற்ற மூன்றாம் நாள் காய்ச்சல் கொதித்துப் பிதற்றினால் ‘ஜன்னி கண்டுட்டு’ என்பார்கள் எங்கள் ஆச்சிமார். அந்தப் பயம் இன்னும் போகவில்லை. அதனால்தான் வார்டில், “இன்னும் நாலு நாளைக்கு ஊசி போடுங்கம்மா” என்ற கெஞ்சல். தொற்று இல்லாதவருக்குக் கத்தி படுமுன் போட்ட அந்த ஒரு வேளை போதும்; மிச்ச ஊசிகள் கிருமிக்குத்தான் மருந்தைப் பழக்கும். காய்ச்சல் வந்துவிட்டால் கதை வேறு: அப்போது தேவை காப்பு அல்ல, வைத்தியம். மருந்தும் வேறு, நாள் கணக்கும் வேறு.