நடத்தை விதியும் தண்ணீர்ப் பானையும்



கொட்டாம்பட்டியிலிருந்து மேலூர் போகும் வழியில் இருக்கும் தும்பைப்பட்டி, கக்கன் பிறந்த ஊர். 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயரோடு மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்தவர்களில் அவரும் ஒருவர். கோயில் கதவு திறந்த நாளை நாம் தேதியோடு சொல்கிறோம். பள்ளிக்கூடத்துத் தண்ணீர்ப் பானை எல்லோருக்கும் பொதுவான நாள் எது? அதற்குத் தேதி இல்லை.

சத்தாராவில் படித்தபோது பியூன் வந்து ஊற்றினால்தான் தமக்குத் தண்ணீர் என்று அம்பேத்கர் எழுதினார். அது வெள்ளையர் காலம். 1950இல் அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955இல் அதைக் குற்றமாக்கும் சட்டம் வந்தது. ஆனால் 1995இல் சேலம் மாவட்டத்தில், மற்றவர்களுக்கென்று வைத்த தண்ணீரைக் குடித்த தலித் சிறுமியை ஆசிரியர் பிரம்பால் அடித்தார். ஒரு கண்ணில் பார்வை போயிற்று. 2022 டிசம்பரில், தலித் பிள்ளைகளைக் கழிப்பறை கழுவ வைத்ததாக ஈரோடு மாவட்டத்தில் ஒரு தலைமை ஆசிரியை கைதானார்.

ஆசிரியர்களுக்கு விதி தெரியாதா? தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள் 1973 முதல் இருக்கின்றன. சொத்து வாங்கினால் தெரிவிக்க வேண்டும், பரிசு பெறக் கூடாது, அரசியலில் ஈடுபடக் கூடாது என்பவை நன்றாகவே தெரியும். தவறினால் மெமோ வரும். ஆனால் அடிப்பதையும் மனத்தை நோகடிப்பதையும் கல்வி உரிமைச் சட்டம் 2009இன் 17ஆம் பிரிவு தடை செய்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989இன் 4ஆம் பிரிவு, கடமையை வேண்டுமென்றே புறக்கணிக்கும் பொது ஊழியருக்குச் சிறை என்கிறது. இவற்றை எத்தனை பள்ளிகளில் வாசித்துக் காட்டினார்கள்? அரசின் கோப்பைக் காக்கும் விதி மனப்பாடம். குழந்தையைக் காக்கும் விதி அலமாரியில். சிக்கல் அறியாமையில் மட்டும் இல்லை. எதை மீறினால் கேள்வி வரும் என்பதை அதிகாரம் கற்றுக்கொடுத்திருக்கிறது.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் தலித் மாணவரும் அவர் தங்கையும் சக மாணவர்களால் வெட்டப்பட்டபின் அமைந்த நீதியரசர் சந்துரு குழு, 2024 ஜூனில் அறிக்கை தந்தது. ஆசிரியர்களுக்குத் தனி நடத்தை விதி வேண்டும் என்றும், தம் சாதி பெரும்பான்மையாக உள்ள பகுதியில் கல்வி அதிகாரிகளையும் தலைமை ஆசிரியர்களையும் அமர்த்தக் கூடாது என்றும் அது பரிந்துரைத்தது. 1973இன் விதிகள் வகுப்பறைக்குப் போதவில்லை என்பதற்கு இதுவே சாட்சி.

நம்மைக் கைப்பிடித்து எழுதவைத்தவர்களும் ஆசிரியர்கள்தாம். அந்த நன்றி நமக்கு உண்டு. நன்றியோடுதான் கேட்கிறோம். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும் என்பது சட்டம். அடுத்த கூட்டத்தில் நம் சேரிப் பெற்றோர் இந்தப் பிரிவுகளை உரக்க வாசிக்கச் சொல்லட்டும்; வாசித்ததைத் தீர்மான நோட்டில் எழுதச் சொல்லட்டும். பானைக்கு ஒரு தேதி அப்படித்தான் கிடைக்கும்.