மெக்சிகோவின் உயரம், உதகையின் உயரம்

மெக்சிகோ நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் உதகமண்டலமும் அதே உயரந்தான். 1968 ஒலிம்பிக் வரலாற்றை வாசிக்கும் தமிழர் இந்த ஒற்றுமையை நினைவில் இருத்திக்கொள்வது நல்லது.

அவ்வுயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் முக்கால் பங்கை ஒட்டியே இருக்கும். ‘மலையில் ஆக்சிஜன் விழுக்காடு குறைவு’ என எழுதுவது மொழியியல் படித்த கண்ணை உறுத்துகிறது. விழுக்காடு அங்கும் 21தான். அழுத்தம் குறைவதால் குருதியில் சேரும் ஆக்சிஜன் குறைகிறது. சில வாரங்கள் அங்கே தங்கினால் உடல் சிவப்பணுக்களைப் பெருக்கி ஈடுசெய்யும்.

அடர்த்தி குறைந்த அக்காற்றில் பாப் பீமன் 8.90 மீட்டர் தாண்டினார்; பழைய உலகச் சாதனையைவிட 55 செ.மீ. கூடுதல். நெடுந்தொலைவு ஓட்டத்திலோ நிலைமை தலைகீழ். 10,000 மீட்டரில் கென்யாவின் நஃப்தாலி தெமு தங்கம் வென்ற நேரம் 29 நிமிடம் 27.4 நொடி. 1965இல் அதே தொலைவை 27 நிமிடம் 39.4 நொடியில் ஓடிய ஆஸ்திரேலியர் ரான் கிளார்க் ஆறாவதாய் வந்து மயங்கி விழுந்தார்.

போட்டிக்கு முந்தைய மூன்று மாதங்களில் உயரப் பயிற்சி நான்கு வாரத்தைத் தாண்டக்கூடாதென ஒலிம்பிக் குழு விதித்திருந்தது. சமத்துவத்தின் பெயரால் வந்த விதி. மேட்டுநிலத்திலேயே பிறந்து வளர்ந்தவரை அது தொடவில்லை, தொடவும் கூடாது. ஆனால் மலைமுகாம் அமைக்கப் பணமில்லாத சமவெளி நாடுகளுக்கு அந்த நான்கு வாரமே எட்டாக்கனி. பிரான்சோ பிரனீஸ் மலையின் ஃபோன்-ரோமோவில் 1967இலேயே பயிற்சி மையம் கண்டுவிட்டது. அதன் உயரம் 1,850 மீட்டர். நம் குன்னூர் அளவு.

நான் வாழும் ஐதராபாத் ஏறத்தாழ 540 மீட்டர்; குருதியை மாற்ற இது போதாது. தெலங்கானாவின் மாலாவத் பூர்ணா போன்கிர் பாறையில் ஏறக் கற்றபின் டார்ஜிலிங்குக்கும் லடாக்குக்கும் சென்று உடலைப் பழக்க வேண்டியிருந்தது. 2014 மே 25இல் எவரெஸ்டை எட்டியபோது அவருக்கு வயது 13.

1997இல் லெவின், ஸ்ட்ரே-குண்டர்சன் ஆகியோரின் ஆய்வு வேறொன்றைக் காட்டியது: 2,500 மீட்டரில் தங்கி, 1,250 மீட்டருக்கு இறங்கி ஓடியவர்களே சமவெளியில் வேகம் கூடினர். மேலேயே ஓடினால் பயிற்சியின் வேகம் தளர்ந்துவிடுகிறது. உதகையில் இந்திய ஓட்டக்காரர்களுக்கு முகாம்கள் நடந்துள்ளன. ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டரில், சுமார் 300 மீட்டர் உயரத்தில் மேட்டுப்பாளையம் இருக்கிறது. இவ்வளவு அருகில் இவ்வளவு இறக்கம் அரிது. ஆனால் நாள்தோறும் அந்தக் கொண்டையூசி வளைவுகளில் ஏறி இறங்கினால் கால்களுக்கு முன் வயிறு களைத்துவிடும். மலைரயிலோ இறங்கவே மூன்று மணி நேரத்துக்கு மேல் எடுக்கும். இடைவழியில் 1,200 மீட்டரை ஒட்டிய ஓர் ஓடுதளமே நடைமுறைக்கு உகந்ததென எனக்குத் தோன்றுகிறது.