பிச்சாவரத்தில் குளிர்கால மாணவர் முகாமும் கழி மீன்பிடிப்பும்

பிச்சாவரம், சிதம்பரத்துக்குக் கிழக்கே ஏறத்தாழ 15 கி.மீ. தொலைவில், வடக்கே வெள்ளாற்றுக்கும் தெற்கே கொள்ளிடத்துக்கும் நடுவே அமைந்த அலையாத்திக் காடு. 2022இல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட இதன் பரப்பு 1,478 ஹெக்டேர். கனடா, ஃபின்லாந்து போன்ற நாடுகளில் இளைஞர் குழுக்கள் உறைந்த ஏரியில் துளையிட்டு மீன் பிடிக்கும் குளிர்கால முகாமுக்குத் தமிழகக் கடற்கரையில் நேர் இணை கிடையாது. கடலூர் மாவட்டத்தில் அதற்கு அருகில் வருவது, கிள்ளை, பரங்கிப்பேட்டை வட்டாரத்துக் கழிமுகங்களை ஒட்டிய மார்கழி, தை மாத மாணவர் முகாமே.

இங்குக் குளிர் ஒரு பொருட்டல்ல. ஜனவரி இரவிலும் வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸை ஒட்டியே நிற்பதால் ஒரு போர்வை போதும். அஞ்ச வேண்டியது கடலையும் புயலையும்தான். 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை வந்தது. 2011 டிசம்பர் 30இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. இரண்டுமே அரையாண்டு விடுமுறைக் காலத்தில் நேர்ந்தவை. கிள்ளைக்கு எதிரே கழிமுக மணல் திட்டில் இருந்த எம்.ஜி.ஆர். திட்டு கிராமத்தை ஆழிப்பேரலை அழித்தது. காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பொங்கலுக்குப் பிந்தைய வாரங்களே முகாமுக்கு ஏற்றவை. கூடாரம் அடிக்க மணல் திட்டைத் தேர்வது தவறு.

கல்லூரி முகாம்களில் பெரும்பாலானவை 1969இல் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டத்தின் கீழ் வருபவை. இரண்டு ஆண்டில் 240 மணி நேரப் பணியும் ஏழு நாள் சிறப்பு முகாமும் அதன் விதி. தங்குவது பெரும்பாலும் ஊர்ப் பள்ளிக் கட்டடத்தில். பிச்சாவரம் காப்புக்காடு என்பதால் உள்ளே செல்ல வனத்துறையின் அனுமதி வேண்டும். சிதம்பரம் கோயிலின் தலமரமான தில்லை இங்கே தானாக வளர்கிறது. அதன் பால் கண்ணில் பட்டால் தற்காலிகமாகப் பார்வை போகும், தோலில் பட்டால் கொப்புளம் எழும். விறகுக்கோ கூடார முளைக்கோ அதை ஒடிக்கக் கூடாது என்பது முதல் நாளே சொல்லப்பட வேண்டிய எச்சரிக்கை.

கழியில் மீன்பிடிப்பு, ஓதத்தைப் பார்த்துச் செய்யும் தொழில். ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவுதான். ஆனால் ஆழமில்லாத வாய்க்கால்களில் அதுவே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. உறைந்த ஏரியில் ஆள் நடக்கப் பனிக்கட்டி 10 செ.மீ. தடிப்பாவது இருக்க வேண்டும் என்பார்கள். இங்கே கேள்வி, நீர் இடுப்பளவுக்கு வடிந்துவிட்டதா என்பது. இருளர் பழங்குடியினர் கையால் தடவி இறால் பிடிப்பது பார்க்க வேண்டிய ஒன்று. நீர் வடியும் நேரத்தில் ஆணும் பெண்ணும் வரிசையாகக் குந்தி நகர்ந்து, இரு கைகளாலும் சேற்றைத் துழாவுகிறார்கள். விரலில் இறால் தட்டுப்பட்டதும் சேற்றோடு அழுத்திப் பிடித்து, பல்லால் கடித்திருக்கும் ஓலைப் பைக்குள் போடுகிறார்கள். இரண்டு கையும் வேலையில் இருப்பதால் பை வாய்க்குப் போயிற்று. வலை, படகு எதுவும் இல்லை. மற்ற மீனவர்கள் வீச்சு வலையால் மடவை, கொடுவா ஆகியவற்றைப் பிடிக்கிறார்கள். மடவை வலையைத் தாண்டித் துள்ளிவிடும் என்பதால் வீசும் கைக்குப் பழக்கம் வேண்டும்.

இறால் குஞ்சுகள் வளர்வது அலையாத்தி வேர்களின் நிழலில். காட்டின் சிதைந்த பகுதிகளில் ஓத நீர் தேங்கி உப்பேறியதால் செடி பிழைக்கவில்லை. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் 1990களில் அங்கே மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி, நீர் வந்து போக வழி செய்து கன்றுகளை நட்டன. முகாம் மாணவருக்கு உகந்த உழைப்பு இந்த வாய்க்கால்களில் தூர் எடுப்பதும் கன்று நடுவதும்தான். பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் உள்ளது. கழியில் பார்த்த உயிரினங்களைப் பற்றி விளக்கம் பெற, முன்கூட்டியே எழுதிக் கேட்டு அங்கே செல்லலாம்.

மீன்பிடிப்பு இருளருக்கும் மீனவருக்கும் பிழைப்பு. ஆகவே முகாமினர் வலை வீசிப் பார்ப்பது அவர்கள் துணையோடும், ஓரிரு மணி நேரத்துக்குள்ளும் அமைய வேண்டும். முகாம் சமையலுக்கான மீனை அவர்களிடமே விலைக்கு வாங்குவது முறை.